பிளான் இல்லாத அரசாங்கத்துக்குப் பிளான் கொண்டுபோனோம்

இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு என் பயணங்கள் தெரியும். மலிவு விமான டிக்கெட், கையில் சோற்றுப் பெட்டி, கால் வீங்கும்வரை நடை. இந்த முறை விமானமும் இல்லை, கடற்கரையும் இல்லை. தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் வரை ட்ராமும் ரயிலுமாக ஒரு மணித்தியாலப் பயணம். இதை எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களும் போகப் போகிறார்களாம். எங்களைப் போல முட்டி மோதாமல் அவர்கள் போய்வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போனது 2009 அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. என்னோடு வந்தவர் சிவபாலன் அண்ணை. சரியாகச் சொன்னால் அவரோடு போனது நான். ஜெர்மனியில் என் கணவரோடு ஒரே கட்டட வேலைத்தளத்தில் நின்றவர், எங்களைப் போலவே பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். இங்கே வீடுகளின் பின்பக்கம் அறை கூட்டிக் கட்டிக் கொடுக்கிறார். அவருடைய தங்கை வசந்தி, இரண்டு பிள்ளைகளோடு வவுனியா முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தாள். கணவன் இல்லை. ஊர் கிளிநொச்சிப் பக்கம். மாரி மழைக்கு முன்னோ பின்னோ ஊருக்கு விடுவார்கள் என்று கதை அடிபட்டது. விட்டால் எங்கே போய் இருப்பாள் என்பதுதான் அண்ணையின் கவலை.

"காசு அனுப்பி வீட்டைக் கட்டிக் குடுக்கலாமே" என்று ஆரம்பத்தில் நான் கேட்டேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீட்டை நான் கட்டுவன் தங்கச்சி. மிதிவெடி எடுக்கிறதும் றோட்டுப் போடுறதும் பள்ளிக்கூடம் எழுப்புறதும் நான் செய்ய ஏலுமே? அவளின்ரை ஒழுங்கையிலை இருக்கிற வீடெல்லாம் இடிஞ்சு கிடக்க, அவள் மட்டும் புது வீட்டுக்கை தனிச்சு இருக்கிறதே? ஒழுங்கை முழுக்க எழும்ப வேணும்."

அதனால் செப்டம்பரில் அண்ணை தன் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்த்தார். எம்.பி.மார் தொகுதி மக்களைச் சந்திக்கிற சனிக்கிழமைச் சந்திப்பு ஒன்று உண்டு. எந்தத் தொகுதி, யார் என்று எழுதப் போவதில்லை, மனிதர் பாவம். பிரித்தானியா முகாமுக்குச் சாப்பாடும் கூடாரமும் கொடுக்கிறது, யுத்தம் முடிந்து ஆட்கள் ஊருக்குத் திரும்பும்போது கட்டி எழுப்புவதற்கும் உதவியைக் கூட்டித் தரவேண்டும் என்று அண்ணை கேட்டிருக்கிறார். எம்.பி. கவனமாகக் கேட்டுவிட்டு, அரசாங்கத்துக்கு உதவியைக் கூட்ட "நோ பிளான்ஸ்" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணை அன்று பின்னேரமே எனக்கு ஃபோன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"தங்கச்சி, அவையிட்டை பிளான் இல்லையாம். அதுதான் பிரச்சினை. கவுன்சிலுக்கும் அப்படித்தானே, பிளான் குடுக்காட்டி ஒரு கக்கூசும் கட்ட விடமாட்டினம். நாங்கள் கீறிக் குடுப்பம்."

சிரிக்காதீர்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பதினாறு வருடம் ஜெர்மனியில் இருந்தவள் நான். அங்கே ஒருவர் "கைன் பிளான்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். அரசாங்கத்துக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் நாங்கள்தானே சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஒரு மாதம், வேலை முடிந்து வந்து அண்ணை வரைபடம் கீறினார். வசந்தியின் ஒழுங்கை, இருபக்கமும் வீடுகள், ஒரு மாதிரி வீட்டின் உள்ளமைப்பு, பொதுக்கிணறு, பள்ளிக்கூடம். கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் எவ்வளவு இடைவெளி என்றுகூடக் குறித்திருந்தார். வடக்குத் திசைக்கு அம்புக்குறி. இங்கே கவுன்சிலுக்குக் கொடுக்கிற அதே தரம்.

இனிப் பயணம். மிச்சம் தரிப்பிடத்தில் பத்தரைக்கு விம்பிள்டன் ட்ராம் ஏறினேன். ஆய்ஸ்டர் பயண அட்டையில் ஒரு பவுண். தரிப்பிலேயே அட்டையைத் தொட்டுவிட வேண்டும், உள்ளே தொட இடமில்லை. பரிசோதகர் வந்தால் கெஞ்சிப் பயனில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் விம்பிள்டன். அங்கே அண்ணை மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றார், கோட்டு, கழுத்துப்பட்டி, தோளில் நீளமான கடதாசிக் குழாய். குழாய்க்குள் பிளான். கையில் அவர் மனைவி கட்டிக் கொடுத்த மட்டன் ரோல்.

விம்பிள்டனில் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் நேரே வெஸ்ட்மின்ஸ்டர் போகும், முப்பத்தைந்து நிமிடம், பகல் கட்டணம் இரண்டு பவுணுக்குக் கொஞ்சம் மேல். ஒரு எச்சரிக்கை: எட்ஜ்வேர் ரோடு என்று போட்ட ரயிலில் ஏறினால் அது வேறு பக்கம் திரும்பிவிடும். நாங்கள் ஏறினோம். ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி மாறவேண்டி வந்தது. குழாயோடு படியேறும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அண்ணையைப் பார்த்து, மீன் பிடிக்கவா போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணைக்கு விளங்கவில்லை, மரியாதைக்கு "யெஸ், யெஸ்" என்றார்.

வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் அந்தச் சதுக்கம். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ஏப்ரலில் இருந்து அந்த இடத்தில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் நாங்களும் இருந்தோம். தொண்டை கிழியக் கத்தினோம். வாசலுக்கு வெளியேதான். சாதாரண ஆள் ஒருவர் உள்ளே போய்த் தன் எம்.பி.யைக் கூப்பிடலாம் என்று அப்போது எங்களில் பலருக்குத் தெரியாது.

தேம்ஸ் கரையோரம் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த மரவாங்கில் உட்கார்ந்து ரோல் சாப்பிட்டோம். பக்கத்தில் கடையில் வாங்கினால் ஒரு சாண்ட்விச்சுக்கே நாலு பவுண் கேட்பார்கள், கட்டிக்கொண்டு போங்கள். செவ்வாய்க்கிழமைகளில் சபை இரண்டரைக்குத்தான் கூடும். அதற்கு முன்னே போய் நின்றால் கூட்டம் குறைவு. புதன் வேண்டாம், அன்று பிரதமரிடம் கேள்வி கேட்கிற நாள், சனம் நெரியும்.

பார்வையாளர் வாசலில் விமான நிலையம் மாதிரியே சோதனை. பெல்ட்டைக் கழற்றி, சில்லறையைத் தட்டில் போட்டு, படம் எடுத்து, கழுத்தில் ஒரு அட்டை மாட்டி விடுவார்கள். குழாயைக் கண்டதும் பொலிஸ்காரரின் முகம் மாறியது. பதாகையா என்று கேட்டார். பதாகை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வசந்த காலம் முழுக்க எங்கள் ஆட்களைப் பார்த்தவர், கேட்பதில் பிழையில்லை. அண்ணை குழாயைத் திறந்து மேசையில் விரித்தார்.

"வீட்டுப் படமா?" என்றார் பொலிஸ்காரர்.

"யெஸ். மை சிஸ்டர் ஹவுஸ். மை சிஸ்டர் ரோடு."

பொலிஸ்காரர் குனிந்து நன்றாகவே பார்த்தார். தன் மைத்துனன் சமையலறையைப் பெரிதாக்கக் கவுன்சில் அனுமதி கேட்டுக் காத்திருந்து தாடி வளர்த்துவிட்டான் என்றார். கவனமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். அண்ணை என்னிடம் மெல்லச் சொன்னார்: "பாத்தியளே, பிளான் எண்டால் இஞ்சை ஒரு மரியாதை."

உள்ளே முதலில் வருவது பழைய பெரிய மண்டபம். தூணே இல்லாத மரக்கூரை. கட்டட வேலைக்காரரோடு அங்கே போனால் நேரம் போகும். அண்ணை மல்லாந்து பார்த்துக்கொண்டு நின்றார், நான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. படியேறிச் சிலைகள் வரிசையாய் நிற்கிற நடையைத் தாண்டினால் எட்டு மூலையுள்ள நடு மண்டபம். அங்கேயுள்ள மேசையில் எம்.பி.யின் பெயரைச் சொன்னால் ஒரு பச்சை அட்டை தருவார்கள். உங்கள் பெயர், விலாசம், என்ன விடயம் என்று எழுதிக் கொடுக்க, ஊழியர் ஒருவர் அவரைத் தேடிப் போவார். வந்தால் வருவார். வராவிட்டால் அட்டை அவரிடம் போய்ச்சேரும், பதில் வரும். காசு கிடையாது.

நாங்கள் ஐம்பது நிமிடம் இருந்தோம். பச்சைத் தோல் வாங்கு வசதியாகத்தான் இருக்கிறது. அண்ணை கழுத்துப்பட்டியை மூன்று தரம் சரிசெய்தார். எம்.பி. வரமாட்டார் என்று நான் மனதுக்குள் முடிவுகட்டிய நேரம் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி நெற்றியில். அண்ணையை அடையாளம் கண்டு கைகொடுத்து, அருகிலேயே உட்கார்ந்தார். அண்ணை தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"போன முறை உங்களிட்டை பிளான் இல்லையெண்டு சொன்னனீங்கள். நான் கொண்டு வந்திருக்கிறன்."

முழங்காலில் விரித்தார். ஒழுங்கை, வீடுகள், கிணறு, பள்ளிக்கூடம். எம்.பி. கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் காது சிவந்துவிட்டது. அந்த மனிதர் நினைத்திருந்தால் "நன்றி, அமைச்சுக்கு அனுப்புகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு. மெதுவாக என்னிடம் சொன்னார்: "நோ பிளான்ஸ்" என்றால் திட்டம் கைவசம் இல்லை என்று பொருளல்ல. செய்யப் போவதில்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வது வழக்கம்.

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிளான் இல்லை எண்டால்... குடுக்க மாட்டம் எண்டு அர்த்தமாம்."

அண்ணை படத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு மாதம் இந்த மனிதர் கண்ணைக் கெடுத்திருக்கிறார், "இல்லை" என்ற ஒரு சொல்லை நேரே சொல்ல இந்த நாட்டுக்கு நாக்கு வளையாததால். ஜெர்மன்காரன் என்றால் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லியிருப்பான், அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

"சரி," என்றார் அண்ணை கடைசியில். படத்தைச் சுருட்டவில்லை. "இப்ப விளங்கீட்டுது. ஏன் குடுக்க மாட்டினமாம் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். எம்.பி. ஒளிக்காமல் சொன்னார். வங்கிகள் விழுந்து இங்கேயே வேலை போகிறது, வெளிநாட்டு உதவி என்றால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார். மக்களைக் கம்பிக்குள் வைத்திருக்கிற இலங்கை அரசாங்கத்துக்குக் கட்டடக் காசு கொடுத்தால் அந்தக் கம்பிக்கே காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அமைச்சு பயப்படுகிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: "வசந்த காலத்தில் உங்கள் மக்கள்தானே வெளியே நின்று, அந்த அரசுக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று கேட்டீர்கள்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான். அந்த வாசகம் எழுதிய அட்டையை நானே பிடித்திருக்கிறேன். மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணை பதறவில்லை.

"ஓம், நானும் கத்தினனான். அப்ப குடுத்தால் குண்டாய் வரும் எண்டு பயந்தனாங்கள். இப்ப நாங்கள் கேக்கிறது கிணறு. கிணத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆரும் சண்டை பிடிக்க ஏலாது எண்டு சொல்லுங்கோ."

எம்.பி. சிரித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை.

"முகாமுக்கை கட்டடத்துக்குக் குடுக்க வேண்டாம். அந்த அரசாங்கத்தின்ரை கையிலையும் குடுக்க வேண்டாம். சனம் கம்பியை விட்டு வெளியாலை வந்து தங்கடை காணி வளவிலை நிண்டால் அங்கை வந்து குடுங்கோ. வெளியாலை விட்டால்தான் காசு எண்டு அவையிட்டை சொல்லுங்கோ. காசு இல்லவே இல்லை எண்டு சொன்னால் அவை ஏன் விடப்போகினம்?"

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். எம்.பி. கண்ணாடியைத் திரும்ப நெற்றிக்கு ஏற்றினார். உதவியைக் கொடுப்பதா விடுவதா என்றே எல்லோரும் கேட்கிறார்கள், எந்த நிபந்தனையில் என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார். அமைச்சரிடம் எழுத்தில் ஒரு கேள்வி போடலாம், அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும், என்ன கேட்பது என்று இப்போதே எழுதித் தாருங்கள் என்றார்.

கைப்பையில் இருந்த பால் வாங்கிய ரசீதுத் துண்டின் பின்பக்கம் எழுதினேன்: மீள்கட்டுமானத்துக்கு உதவியைக் கூட்டுவீர்களா? எம்.பி. வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதற்கு என்ன பதில் வரும், சொல்லுங்கள்?"

நானும் அண்ணையும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "நோ பிளான்ஸ்."

மூவரும் சேர்ந்து மாற்றினோம். வெட்டி வெட்டி எழுதினோம். கடைசியில் வந்தது இதுதான்: மக்கள் சுதந்திரமாக ஊர் திரும்பிய பிறகு அவர்களின் கிணறு, பாதை, பள்ளிக்கூடங்களைக் கட்ட, என்னென்ன நிபந்தனைகள் நிறைவேறினால் அரசு உதவியைக் கூட்டும்? இதற்கு "பிளான் இல்லை" என்று சொன்னால் சொல்பவருக்கே வெட்கம் என்றார் எம்.பி. எழும்பும்போது படத்தைத் தான் வைத்திருக்கலாமா என்று கேட்டார்.

"வச்சிருக்கட்டும். கொப்பி எடுத்து வச்சிருக்கிறன்" என்றார் அண்ணை. எனக்கு நம்ப முடியவில்லை. இந்த மனிதர் தோற்றுவிட்டு வருவதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார்.

பெரிய மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கடை உண்டு, தேநீர் சுமார். அங்கே இருந்தபோது அண்ணையிடம் மனம் விட்டுப் போச்சா என்று கேட்டேன். "மாட்டன் எண்டவனை இப்ப யோசிக்க வச்சிருக்கிறம். அதுவே பெரிய வேலை" என்றார். போகும்போது இருந்ததைவிட வரும்போது நிமிர்ந்து நடந்தார். எனக்கும் அந்தத் திமிர் ஒட்டிக்கொண்டது. நாலரைக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறினோம், வேலை முடிகிற நெரிசலுக்கு முன்னே விம்பிள்டன் வந்துவிட்டோம். நீங்களும் ஐந்துக்கு முன் கிளம்பிவிடுங்கள்.

நவம்பரில் பதில் வந்தது. மக்கள் சுதந்திரமாக நடமாட விடப்பட்டால், தேவைகளை மதிப்பிட்டு, மேலதிக உதவியைப் பரிசீலிக்க அரசு ஆயத்தமாக இருக்கிறதாம். கூட்டுவோம் என்றில்லை. கூட்ட மாட்டோம் என்றுமில்லை. இந்த நாட்டின் ஆங்கிலத்தை இப்போது கொஞ்சம் படித்துவிட்டேன். "பரிசீலிப்போம்" என்பது கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைப்பது. ஒரு மாதத்துக்கு முன் பூட்டியே இருந்த கதவு இது. இன்னும் தள்ள வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யை மட்டும்தான் கூப்பிடுங்கள், வேறு தொகுதிக்காரர் வரமாட்டார். முன்கூட்டியே அவருடைய அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டால் ஐம்பது நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை, இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். ஆங்கிலம் குறைவென்று கூச்சப்படாதீர்கள், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கதைக்க வேண்டியது உறவு அங்கே இருக்கிறவர்தான். "ஆம்", "இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள். எப்போது, எந்த நிபந்தனையில், யார் மூலம் என்று கேளுங்கள். அவர்கள் சிரித்த முகத்தோடு சொல்வது விளங்காவிட்டால் அங்கேயே நின்று, இது ஆமா இல்லையா என்று கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணை ஃபோன் எடுத்தார். வசந்தியையும் பிள்ளைகளையும் ஊருக்கு விட்டுவிட்டார்கள். மிதிவெடி எடுத்து முடிந்த துண்டுக் காணியில் தறப்பாள் கூடாரம் கட்டி இருக்கிறார்கள், ஒழுங்கைக்காரர் ஏழெட்டுக் குடும்பமும் வந்துவிட்டதாம். யாருடையதோ கைப்பேசியில் கதைத்திருக்கிறாள். லண்டன் அரசாங்கம் பரிசீலிக்கப் போகிறதாம் என்று அண்ணை விளக்கமாகச் சொன்னாராம். மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் அவள் பதில் சொன்னாளாம்:

"யோசிக்கிறவை யோசிக்கட்டும் அண்ணை. நாங்கள் பொம்பிளையள் சேந்து கிணத்தை இறைச்சு முடிச்சிட்டம். பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரம் வெட்டுறம். சீமெந்து எப்ப வரும் எண்டு மட்டும் அவையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."